கழற்றிப் போட்ட சாமான்கள்

மூங்கிலணை என்ற ஊரில், உரக்கடை சென்னியப்பன் தன் சிவப்புக் காரிலிருந்து எதைக் கழற்றிப் போட்டாலும் அந்தச் சாமான் சும்மா கிடக்கவில்லை. வண்டி ஓடும்போதெல்லாம் அதுவும், கிடந்த இடத்திலேயே, ஓடியது. பேட்டரி கிடையாது, ஒயர் கிடையாது, ஒரு சொட்டுப் பெட்ரோல் கிடையாது. அவன் தேக்கமலைப் பாதையில் ஏறிக்கொண்டே புது ஹாரனை அமுக்கினால், கீழே பள்ளிக்கூடச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த பழைய ஹாரன், தொடுவதற்கு ஆளில்லாமலே, பேங் பேங் என்று கத்தியது. முதல் நாள் ஊர் மிரண்டது, இரண்டாம் நாள் வந்து பார்த்தது, மூன்றாம் நாள் அதற்கு ஒரு வேலையைக் கொடுத்துவிட்டது.

வேலையைக் கொடுத்தவர் தலைமையாசிரியை பிலோமினா. பள்ளிக்கூட மணி விரிசல் விட்டு, அடித்தால் தகரத்தைத் தட்டுகிற சத்தம் வந்துகொண்டிருந்த வருஷம் அது. அவர் நேராக உரக்கடைக்கு வந்து, யூரியா மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டு, "சென்னியப்பன், நீங்க தெனமும் ஒம்பதேகாலுக்குத்தான கடைக்கு வர்றீங்க? பஸ் ஸ்டாப்பு திரும்பறப்ப ஒருக்கா அமுக்கிட்டு வாங்க. சாயங்காலம் நாலேகாலுக்கு ஒருக்கா. எங்களுக்கு அது போதும்" என்றார். அன்றிலிருந்து பதிமூன்று வருஷமாக மூங்கிலணைப் பிள்ளைகள் அவன் கட்டைவிரலுக்குத்தான் பள்ளிக்கூடம் போனார்கள், அவன் கட்டைவிரலுக்குத்தான் வீடு திரும்பினார்கள். ஒரு புரட்டாசியில் அவன் காய்ச்சலில் படுத்துவிட, பொழுது சாய்கிற வரைக்கும் பள்ளிக்கூடம் விடவேயில்லை. பிள்ளைகள் அழுதுகொண்டே பதினாறாம் வாய்ப்பாட்டை மூன்று தடவை சொல்லி முடித்துவிட்டார்கள்.

அது ஏன் அப்படி ஓடுகிறது என்று கேட்டவர்கள் எல்லாரும் வெளியூர்க்காரர்கள். ஒரு தடவை பொறியியல் கல்லூரியிலிருந்து நாலு பேர் மீட்டர் பெட்டியோடு வந்து, ஹாரனைக் கழற்றிப் பார்த்து, திருப்பி மாட்டி, டீ குடித்துவிட்டுப் போனார்கள். ஊர்க்காரர்கள் ஏன் என்று கேட்கவில்லை, அடுத்து எதைக் கழற்றுவான் என்று கேட்டார்கள். சென்னியப்பனுக்கோ கழற்றாமல் இருக்க முடியாது. வண்டிக்கு வயது இருபத்திரண்டு. அவன் கல்யாணத்துக்கு முன்னால் வாங்கியது. அந்தக் கம்பெனி அந்த வேக எஞ்சினைப் போட்டு நாட்டுக்குள் கொஞ்ச வண்டிதான் விட்டது, பிறகு கடையையே மூடிவிட்டது. வண்டி பழசாகப் பழசாக அதை வேகமாக்குகிற வெறி அவனுக்குப் புதுசாகிக்கொண்டே போனது. இந்த பம்பரை எடுத்தால் ஆறு கிலோ குறையும், இந்தச் சைலன்சரை மாற்றினால் இழுவை கூடும், இந்த ஸ்பிரிங்கைக் குட்டையாக்கினால் வளைவில் சாயாது என்று, உட்கார்ந்தால் ஒன்று, எழுந்தால் ஒன்று, சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் ஒன்று என அவன் மனசு ஸ்பானரைப் பிடித்துக்கொண்டே திரிந்தது.

வைப்பரைக் கழற்றியபோது சலூன் மருதாசலம் அதை வாங்கிப்போய்த் தன் கடைக் கண்ணாடியின் மேல் மாட்டிக்கொண்டார். மலையில் மழை பிடித்து சென்னியப்பன் வைப்பர் போட்டால் சலூனில் அது கண்ணாடியைத் துடைத்தது, முகத்தில் சோப்போடு உட்கார்ந்திருப்பவர் ஒரு தடவை தெரிந்தார், ஒரு தடவை மறைந்தார். கொப்பரை காயப்போட்டவர்கள் சலூனை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் களத்துக்குப் போனார்கள். வைப்பர் ஆடினால் கால்மணி நேரத்தில் மழை ஊருக்குள் இறங்கிவிடும் என்று கணக்கு. முகப்பு விளக்குகள் இரண்டும் பஸ் நிறுத்தத்துக் கூரையில் இருந்தன. பழைய ஸ்பீடோமீட்டரை டீக்கடை ஆறுச்சாமி, சாமி படத்துக்குப் பக்கத்தில், படத்தைவிடக் கொஞ்சம் பெரிய ஆணியில் மாட்டியிருந்தார்.

ஊரில் அதிகம் பேர் பார்த்தது அந்த ஸ்பீடோமீட்டரைத்தான். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சென்னியப்பன் மலையடிவாரத்திலிருந்து கிளம்பி, இருபத்தோரு வளைவு ஏறி, மேலே செக்போஸ்ட்டில் போய் நிற்பான். டீக்கடையில் பத்திருபது பேர் கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். முள் கிளம்பியதும் ஆறுச்சாமி செல்போனில் நேரத்தை ஓடவிடுவார். முள் சடாரென்று பூஜ்ஜியத்துக்கு விழுந்ததும் நிறுத்துவார். பன்னிரண்டு நிமிஷம் ஐம்பது. பன்னிரண்டு நாற்பத்தாறு. ஒரே ஒரு தடவை, ஒன்பது வருஷத்துக்கு முன்னால், பன்னிரண்டு முப்பத்தெட்டு. பன்னிரண்டுக்குக் கீழே ஒரு தடவை போய்விட்டால் போதும், அதற்கப்புறம் இந்த ஸ்பானரைக் கிணற்றில் போட்டுவிடுகிறேன் என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான். சொல்லாத ஆண்டில்லை.

இதில் ஒரு வேடிக்கை. ஊரே பார்த்துப் பழகிப்போன இந்த அதிசயத்தைப் பார்க்காத ஒரே ஆள் சென்னியப்பன்தான். சாமான்கள் ஓடுவது வண்டி ஓடும்போது. வண்டி ஓடும்போது அவன் வண்டிக்குள். அவன் இறங்கி வந்து பார்க்கையில் ஹாரன் ஹாரனாக இருக்கும், வைப்பர் வைப்பராக இருக்கும், முள் பூஜ்ஜியத்தில் படுத்திருக்கும். பக்கத்து மாநிலத்தில் வெள்ளம் வந்ததாகச் சொன்னால் நம்புகிற மாதிரி அவன் நம்பினான், அவ்வளவுதான்.

இடது பக்கத்து சீட்டைக் கழற்றியது பதினோரு வருஷத்துக்கு முன்னால். கழற்றும்போது அவன் மனைவி சுலோச்சனா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கல்யாணமான புதிதில் அந்த சீட்டில்தான் அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் மலையேறினாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கூந்தலைக் கொண்டை போட்டுக்கொண்டு, வளைவுக்கு வளைவு சிரித்தாள். அதெல்லாம் அவனுக்கு ஞாபகம் இல்லாமல் இல்லை. ஆனால் அன்றைக்கு அவன் தலைக்குள் எடைதான் இருந்தது. நாலு போல்ட்டையும் கழற்றி சீட்டைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டு, "பதினாலு கிலோ மிச்சம்" என்றான். சந்தோஷமாகத்தான் சொன்னான். அவள் சீட்டைப் பார்த்தாள், வண்டிக்குள் அது இருந்த இடத்தில் தெரிந்த வெறும் தகரத்தைப் பார்த்தாள், "சரிங்க" என்றாள். மற்ற சாமான்களுக்கெல்லாம் போட்டி இருந்தது. அந்த சீட்டை அவளே கேட்டு வாங்கித் தன் தையலறையில், ஜன்னலோரமாக, தரையில் துளை போட்டு போல்ட் வைத்து இறுக்கிக்கொண்டாள். அளவு கொடுக்க வருகிறவர்கள் உட்காருவதற்கு வைத்திருக்கிறாள் என்று சென்னியப்பன் நினைத்துக்கொண்டான். அதற்கப்புறம் அதைப் பற்றி நினைக்கவில்லை.

இந்த வருஷம் தை மாசத்து மூன்றாம் ஞாயிறு, ரோட்டை அரை நாள் அடைத்து வழக்கம்போல மலையேற்றப் போட்டி நடந்தது. அவன் பதினோராவதாக வந்தான். புது ஸ்பிரிங், புது டயர், புது பிரேக் எல்லாம் போட்டும் போன வருஷத்தைவிடப் பதினாலு வினாடி கூட ஆகியிருந்தது. அவனுக்கு நாற்பத்தெட்டு வயது, வலது முழங்கால் மாடிப்படி ஏறினால் சொடுக்குகிறது. இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை, முழங்காலிடம்கூட ஒப்புக்கொள்ளவில்லை. நேராக மெக்கானிக் சூசையின் பட்டறைக்குப் போனான்.

சூசை வண்டியின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, எஞ்சினை ஒரு பழைய சிநேகிதனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அந்த வண்டியில் அவர் கை படாத இடம் அது ஒன்றுதான்.

"இதுக்கு மேல இந்த எஞ்சின்ல ஒண்ணுமில்ல சென்னி. மொத்தமா எறக்கிட்டு, டர்போ வெச்ச எஞ்சின் ஒண்ணு கோயமுத்தூர்ல இருக்குது, அத ஏத்திப்புட்டா பதினொண்ணரைக்குப் போயிரும்."

"பதினொண்ணரைக்கா?"

"எழுதி வேணாத் தாரேன்."

"இல்லாட்டி?"

"இல்லாட்டி வித்துப்போடு. இந்த வண்டிக்கு இன்னும் கிறுக்கனுக இருக்கறானுக. இன்னும் ரெண்டு வருசம் போனா அவனுகளும் இருக்கமாட்டானுக."

இதை அவர்கள் பட்டறைக்குள் மெதுவாகத்தான் பேசினார்கள். ஆனால் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க ஒரே பேச்சு: எஞ்சின் இறங்கப்போகிறது! ஹாரன் போல, வைப்பர் போல இல்லை; ஒரு முழு எஞ்சின், வண்டி ஓடுகிற நேரமெல்லாம் டீசலும் இல்லாமல் கரண்டும் இல்லாமல் சும்மா ஓடப்போகிற எஞ்சின். பஞ்சாயத்துத் தலைவி திலகவதி மேல்நிலைத் தொட்டி மோட்டாருக்கு அது வேண்டும் என்று தீர்மானமே எழுதி வைத்துவிட்டார். மாவு மில்காரர் தனக்கு வேண்டும் என்றார். நார் மில்காரர், அது தன் பாட்டன் காலத்து ஊர், எனவே தனக்குத்தான் என்றார். சென்னியப்பன் கடைக்கு வருகிறவர்கள் உரம் கேட்பதற்கு முன்னால் எஞ்சினைக் கேட்டார்கள்.

"ஏனுங்ணா, எப்ப எறக்கறீங்க?" என்றார் திலகவதி, கடை வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தி இறங்காமலே. "சித்திரைக்குள்ள எறக்கிப்போட்டீங்கன்னா கோடைக்குத் தண்ணிப் பிரச்சனையே இருக்காது. நீங்க தெனமும் கூட ஒரு மணி நேரம் ஓட்டணும், அவ்வளவுதானுங்."

"இன்னும் முடிவு பண்ணலீங்க."

"முடிவு பண்றதுக்கு என்னங்ணா இருக்குது? ஊரே உங்களத்தான் நம்பியிருக்குது."

ஊரே தன்னை நம்பியிருக்கிறது என்பது கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. அவன் அன்று முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தான், மறுநாள் அந்த நெஞ்சு தானாகவே அடங்கியது. பதினொன்றரைக்குப் போய்விட்டால், அப்புறம்? பதினொன்றேகாலுக்கு ஒன்று இருக்கும், பதினொன்றுக்கு ஒன்று இருக்கும். விற்றுவிட்டால், அப்புறம்? அதற்கு மேல் யோசிக்கப் பிடிக்காமல் எழுந்து மூட்டைகளை எண்ணினான். வண்டியைத் துடைத்தான். துடைத்த வண்டியை மறுபடி துடைத்தான். சாப்பிட உட்கார்ந்தவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு வந்தான். அந்தப் பங்குனி முழுக்க அவன் ஓர் இடத்தில் கால்மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்ததை யாரும் பார்க்கவில்லை.

சேலத்திலிருந்து நிரஞ்சன் என்று ஒருவன் போன் பண்ணினான், இணையத்தில் வண்டியின் படத்தைப் பார்த்தானாம், வந்து பார்க்கலாமா என்றான். வரட்டும், பார்த்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லிவிட்டு, சென்னியப்பன் தையலறை வாசலில் போய் நின்றான். சுலோச்சனா ஒரு பச்சை ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"சுலோச்சனா, எஞ்சின மாத்தறதா, வண்டியவே வித்துடறதா?"

"வண்டி உங்குளுது. நான் என்னத்தச் சொல்லட்டும்?"

"உனக்குன்னு ஒரு நெனப்பு இருக்குமல்ல?"

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "இருக்கும்" என்றாள். "கேக்கறதுக்குப் பதினோரு வருசம் ஆச்சுங்க."

அவன் அதைச் சலிப்பு என்று எடுத்துக்கொண்டு போய்விட்டான். நின்று கேட்டிருக்க வேண்டும்தான், ஆனால் நிற்கிற கால் அவனுக்கு அந்த மாசம் இல்லை.

நிரஞ்சன் வந்தான். இருபத்தாறு வயது, கண்ணாடி, முதுகில் பை, கையில் தண்ணீர் பாட்டில். வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து, படுத்து, அடியில் பார்த்து, எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, "அங்கிள், ஒரு தடவ மலைக்கு ஓட்டிப் பாக்கட்டுமா?" என்றான். தாராளமாக என்றான் சென்னியப்பன். அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது, வண்டியில் ஒரே ஒரு சீட்தான் இருக்கிறது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்தச் சாவி இன்னொருவன் கைக்குப் போனது. சிவப்பு வண்டி அவன் இல்லாமல் தெருமுனை திரும்பியது, அவன் நடுத்தெருவில் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றான்.

டீக்கடைக்குள் அவன் நுழைந்ததும் பேச்சு நின்றது. பெஞ்சில் நடுவில் இடம் விட்டார்கள்.

"உக்காருங்ணா" என்றார் ஆறுச்சாமி. "நம்மூர்ல இதப் பாக்காத ஒரே ஆளு நீங்கதானுங்."

அவன் பார்த்தான். சாமி படத்துக்குப் பக்கத்தில், நுனியில் ஒயர் துண்டு தொங்குகிற அந்தப் பழைய வட்டத்துக்குள், முள் நடுங்கிக்கொண்டே எழுந்தது. இவ்வளவு நாள் இது நடந்துகொண்டுதான் இருந்ததா என்று பச்சைப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்துகொண்டு பார்த்தான். அப்புறம் பார்வை மாறியது. பாதை முழுக்க அவன் காலுக்குள் இருந்தது: இதோ மூன்றாவது வளைவு, அறுபதுக்கு இறங்க வேண்டும். முள் எண்பதுக்கு மேலே நின்றது. ஏழாவது, மண் சரிந்து கிடக்கும், கொஞ்சம் விட்டுப் பிடிக்க வேண்டும். முள் விடவில்லை. பதினாலாவது வளைவுக்கு முன்னால் அவன் எப்போதும் காலை எடுத்துவிடுகிற அந்த நீளமான இடத்தில் முள் நூற்றுப் பத்தைத் தாண்டி, அவன் வாழ்நாளில் பார்க்காத இடத்துக்குப் போய், அங்கிருந்து இறங்கி, மறுபடி ஏறி, இறங்கி ஏறி, சடாரென்று பூஜ்ஜியத்தில் விழுந்தது.

ஆறுச்சாமி செல்போனைப் பார்த்தார். யாரிடமும் காட்டாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"எவ்வளவு?" என்றான் சென்னியப்பன்.

"செரியாத் தெரியலீங்ணா. கை பட்டு நின்னுபோச்சு."

"ஆறுச்சாமி."

"பதினொண்ணு அம்பத்தஞ்சு."

சலூன் மருதாசலம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ரோடு காஞ்சு கெடக்குதல்லங்க, பங்குனி வெயிலுக்கு டயரு நல்லாப் புடிக்கும்" என்றார். நாலு பேர் ஆமாமாம் என்றார்கள். சென்னியப்பனுக்கு வெட்கமாக இருந்தது. கோபம் வந்திருந்தால் தேவலை, கோபம் வரவில்லை, வெறும் வெட்கம். பம்பரையும் சைலன்சரையும் ஸ்பிரிங்கையும் பதினாலு கிலோ சீட்டையும் கழற்றிப் போட்டானே, கழற்றியிருக்க வேண்டிய சாமான் கடைசி வரைக்கும் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது என்று அவனுக்குப் புரிந்தது. நிரஞ்சன் கீழே வந்து, வேர்த்து வழிந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அங்கிள், இந்த எஞ்சினத் தொட்டுராதீங்க, இதுல மாத்தறதுக்கு ஒண்ணுமேயில்ல" என்று வேறு சொன்னான். நல்ல பையன், மனசாரச் சொன்னான். அன்று மத்தியானமே சென்னியப்பன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டான்.

ஊர் இடிந்துபோனது. எஞ்சின் போனதுகூடப் பரவாயில்லை, இருக்கிற சாமான்களும் செத்துவிடுமே என்றுதான் கவலை. மறுநாள் ஒன்பதேகாலுக்குப் பள்ளிக்கூட வாசலில் பெரியவர்களும் கூடி நின்று சுவரைப் பார்த்தார்கள். ஹாரன் பேசவில்லை. பிலோமினா கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிள்ளைகளை வாயால் கூப்பிட்டு உள்ளே அனுப்பினார். பத்தே முக்காலுக்கு ஹாரன் அலறத் தொடங்கியது; சேலத்து நெரிசலில் வண்டி மாட்டிக்கொண்டிருக்க வேண்டும், அரைமணி நேரத்தில் நாற்பது தடவை அடித்தது, பிள்ளைகள் நாற்பது தடவை வெளியே ஓடிவந்து உள்ளே ஓடினார்கள். ஊர் மூச்சு விட்டது. ஓடுகிறது! வண்டி எங்கே இருந்தாலும் ஓடுகிறது!

அதற்கப்புறம் எல்லாம் ஒரு வாரத்துக்குள் சரியாகிவிட்டது. திலகவதி நிரஞ்சனின் நம்பரை வாங்கி, வாட்ஸாப்பில் ஒரு குழு ஆரம்பித்தார். நிரஞ்சன் விஷயத்தைக் கேட்டு ஒரு நாள் சிரித்தான், மறுநாளிலிருந்து ஒன்பதேகாலுக்கும் நாலேகாலுக்கும் எங்கே இருந்தாலும் ஒரு அமுக்கு அமுக்கினான். சென்னியப்பனைவிட நேரம் தவறாமல் அமுக்குகிறான் என்று பிலோமினாவே சொன்னார். சலூன் வைப்பர் இப்போது சேலத்து மழையைச் சொன்னது. கொப்பரைக்காரர்களுக்கு அது பிரயோஜனமில்லை, ஆனால் சேலத்தில் பெண் கொடுத்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "கண்ணு, மாடியில துணி காயுதா, எடுத்துப்போடு" என்று போன் பண்ணினார்கள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அந்தப் பையன் ஏதோ ஒரு மலை ஏறினான், டீக்கடையில் முன்னைவிடக் கூட்டம். எஞ்சினை எப்போது இறக்குவான் என்று குழுவில் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். சென்னியப்பனைக் குழுவில் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை. கெட்ட எண்ணமெல்லாம் ஒன்றுமில்லை, மறந்துவிட்டார்கள்.

அவன் ஒரு வெள்ளை வண்டி வாங்கினான். சத்தமே வராத வண்டி, கியர் அதுவாகவே மாறும். அதில் கழற்றுவதற்கு ஒன்றும் இல்லை. ஒரு நாள் கால்மிதியைக் கழற்றிப் பார்த்துவிட்டுத் திருப்பிப் போட்டான். ஒன்பதேகாலுக்கு அவன் கட்டைவிரல் தானாகத் துடித்தது, ஞாயிறு விடியற்காலையில் வலது கால் போர்வைக்குள் உதைத்தது. கடையில் உட்கார முடியவில்லை, வீட்டில் நிற்க முடியவில்லை. தெருவில் நடந்தால், ஊரிலிருக்கும் ஒவ்வொருவரிடமும் அவன் வண்டியில் ஒரு துண்டு இருந்தது, ஓடியது, ஆடியது, பேசியது. அவனிடம் மட்டும் ஒன்றுமில்லை. முழு வண்டியும் தன்னுடையதாக இருக்கையில் துண்டு எதற்கு என்று ஒரு போல்ட்டைக்கூட அவன் எடுத்து வைத்திருக்கவில்லை.

"ஆறுச்சாமி, அந்த மீட்டர ஒரு மாசம் எங்கூட்ல மாட்டிக்கட்டுமா?" என்று கேட்டான்.

"ஐயோ, ஞாயித்துக்கெழம யாவாரமே அதுனாலதானுங்ணா. நீங்க எப்ப வேணாலும் வந்து பாருங்க, டீக்குக் காசு வேண்டாம்."

மருதாசலம், "வைப்பரக் கழட்டுனா கண்ணாடி கையோட வந்துருமுங்க" என்றார். பள்ளிக்கூடத்தில் கேட்க வாய் வரவில்லை. பஸ் நிறுத்தத்துக் கூரைக்கு அடியில் கொஞ்ச நேரம் நின்றான். ஞாயிற்றுக்கிழமை, மணி பத்து ஆகப்போகிறது. டீக்கடை பக்கம் போகப் பிடிக்காமல் வீட்டுக்கு நடந்தான். நடக்க நடக்கத்தான் ஞாபகம் வந்தது, வீட்டில் ஒன்று இருக்கிறது.

தையலறையில் ஜன்னலோரம் சுலோச்சனா அந்த சீட்டில் உட்கார்ந்திருந்தாள். மடியில் விரித்த ஊதாப்பட்டுத் துணி தரை வரைக்கும் தொங்கிக்கொண்டிருந்தது. சீட் இடப்பக்கமாகச் சாய்ந்தது, அவள் வலப்பக்கமாகத் தோளைக் கொடுத்து நேராக்கிக்கொண்டாள்; சீட் பின்னால் அழுந்தியது, அவள் கழுத்தைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தாள். ஊசி ஒரு தையல்கூடத் தப்பவில்லை. பழகிய பஸ்ஸில் போகிறவள் மாதிரி இருந்தாள்.

"அந்தப் பையன் கௌம்பிட்டான்" என்றாள், தலையைத் தூக்காமல்.

சென்னியப்பன் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். "நீ... எப்பவும் இதுலதான் உக்காந்திருப்பியா?"

"நீங்க போறப்பவெல்லாம்."

"எதுக்கு?"

இரண்டு தையல் போட்டாள். "நீங்க தனியாப் போறீங்கல்ல" என்றாள்.

வெளியே யாரோ தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார்கள். அவன் கதவை விட்டுவிட்டு உள்ளே வந்தான்.

"நான் ஒருக்கா உக்காரட்டுமா?"

சுலோச்சனா இப்போது நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். ஊசியை நூல்கண்டில் குத்தி வைத்தாள், துணியைச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டாள், சீட் சாய்ந்து நிமிர்கிற நேரம் பார்த்து ஜன்னல் கம்பியைப் பிடித்து எழுந்தாள்.

"உக்காருங்க. கெட்டியாப் புடிச்சுக்குங்க."

அவன் உட்கார்ந்தான். கைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஸ்டியரிங் இல்லை, கியர் இல்லை, வெறும் காற்று. சீட் அவன் முதுகை இடித்துத் தள்ளியது, அவன் பற்களைக் கடித்தான்; என்ன வளைவு, எந்தப் பக்கம், எவ்வளவு தூரத்தில் என்று ஒன்றும் தெரியவில்லை, தெரிவதற்குள் வலப்பக்கம் சாய்ந்து ஜன்னல் சுவரில் தோள் மோதியது. அடுத்தது இடப்பக்கம். அவனுக்குப் பயமாக இருந்தது. இருபத்திரண்டு வருஷம் வண்டி ஓட்டியவனுக்கு இப்படி ஒரு பயம் இருப்பதே தெரியாது. நாலு வருஷத்துக்கு முன்னால் ஐப்பசி மழையில், பத்தொன்பதாவது வளைவில், பின்சக்கரம் வழுக்கி வண்டி பக்கவாட்டில் போய், பள்ளத்துக்கு ஒரு சாண் இருக்கும்போது நின்றது. அவன் அதை யாரிடமும் சொன்னதில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு, சீட்டியடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். இவள் இங்கே உட்கார்ந்திருந்திருக்கிறாள். அந்தச் சாய்வு முழுக்க, அந்த நிற்பு வரைக்கும், அதற்கப்புறம் சீட் அசையாமல் கிடந்த அந்தப் பத்து நிமிஷமும் இங்கேதான் உட்கார்ந்திருந்திருக்கிறாள். அன்றைக்கு அவன் உள்ளே வந்ததும் என்ன கேட்டாள்? தோசையா உப்புமாவா என்று கேட்டாள்.

சீட் இன்னும் வேகம் பிடித்தது. அந்தப் பையன் விடவில்லை, விடவேயில்லை, ஏதோ ஒரு பெரிய வளைவு வருவது அடிவயிற்றில் தெரிந்தது. சென்னியப்பனின் வலது கால், அவனைக் கேட்காமலே, பிரேக்கைத் தேடித் தரையில் நீண்டது. அங்கே பிரேக் இல்லை. சரியாக பிரேக் இருக்க வேண்டிய அந்த இடத்தில், சிவப்புச் சிமெண்டுத் தரை வழவழவென்று தேய்ந்து, ஒரு குழி விழுந்திருந்தது. சின்னக் குதிகாலுக்கான குழி. அவன் குதிகால் அதற்குள் முழுசாக இறங்கவில்லை.

அவன் அந்தக் குழியை அழுத்தினான். எவ்வளவு அழுத்தியும் ஒன்றும் நிற்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"கண்ண மூடாதீங்க" என்றாள் சுலோச்சனா. "மூடுனா இன்னும் பயமா இருக்கும்."